செக்கிங் மேஜை

மார்ச் பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, ரப்பர் தொழிற்சாலையின் இரண்டாம் கூடத்தில், செக்கிங் மேஜைக்கு மேலே தொங்கிய ஆறு குழல்விளக்குகளில் நான்கு கழற்றப்பட்டன. கழற்றியவன், அந்த மேஜையின் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் கொழுந்தன்.

"அண்ணி, தட்டைக் கொஞ்சம் நகர்த்துங்க. மேலேருந்து தூசி விழும்."

"நீயே எங்க தலைமேல ஏறி நிக்கற. தூசி விழுந்தா என்ன?"

மேஜையின் இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. விளக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான்.

அவளைத் தொழிற்சாலையில் பருந்து என்பார்கள். முகத்துக்கு நேரே பருந்தக்கா. தட்டில் கொட்டிய வளையங்களில் கீறல் விழுந்தது எதுவென்று அவள் பார்ப்பதும், அதை எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போடுவதும் ஒரே அசைவாக இருக்கும். அச்சில் வெந்து வரும் கறுப்பு வளையங்கள் அவை. கட்டைவிரல் நுழையும் அளவு. வண்டிகளின் பிரேக்குக்குள் போய் உட்காருபவை. தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் எண்ணெய் கசியும், பிரேக் பிடிக்காது. ஆறு பெண்கள் காலையிலிருந்து மாலைவரை அந்தத் தலைமுடி அளவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரையின் வெக்கையும் கந்தக நெடியும் துணியில் ஏறி, துவைத்தாலும் போகாது. ரொட்டி வேன் ஓட்டும் அவள் கணவன் சொல்வான்: "நம்ம வீட்ல ஒரு பக்கம் ரொட்டி வாசனை, ஒரு பக்கம் டயர் எரிஞ்ச வாசனை. வர்ற விருந்தாளி எந்தப் பக்கம் உக்காருவான்?"

அந்தக் குளிர்காலத்தில் வண்டிக் கம்பெனி ஒரு லோடு முழுவதையும் திருப்பி அனுப்பியிருந்தது. கீறல் விழுந்த வளையங்கள் உள்ளே போயிருந்தன. கம்பெனியின் தர அதிகாரி நேரில் வந்து, மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, முதலாளியிடம் சொன்னார்: "மனுஷக் கண்ணு சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்கிடும் சார். கேமரா வைங்க. இல்லேன்னா நாங்க வேற இடம் பாத்துக்கறோம்." அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அன்று மாலைவரை பருந்து தட்டைவிட்டு நிமிரவில்லை.

கேமரா வைக்கிறவன் என்று முதலாளி தேடிப் பிடித்தது அவள் வீட்டு மாடியில் குடியிருந்த ஆளையே. வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். பெரிய கம்பெனி ஒன்றில் தொழிற்சாலைக் கேமராக்கள் பொருத்தும் வேலையில் இருந்து, மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்திருந்தான். கல்யாணம் ஆகவில்லை. சாப்பாடு கீழே, அண்ணியின் கையால். சொந்தப் பெயரில் அவனுக்கு வந்த முதல் வேலை இது. இது சரியாக அமைந்தால் செக்கிங் மேஜையை எடுத்துவிடுவதாக முதலாளி ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். ஆக, ஒரே வீட்டில் ஒருவன் பிழைப்பு மாடியிலும் ஒருத்தி பிழைப்பு கீழேயும் இருந்தன. இரண்டும் ஒன்றாக இருக்க வழியில்லை.

முதல் நாளே சாப்பாட்டு மேஜையில் சின்னவன் கேட்டான்.

"அண்ணி, நீங்க எப்படி செக் பண்றீங்கன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எடுக்கறோம். பாக்கறோம். போடறோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதுக்குத்தான் பதினோரு வருஷமா சம்பளம் கொடுக்கறாங்க."

கெட்ட வளையங்கள் மாதிரிக்கு வேண்டுமென்று முதலாளி ஆள் அனுப்பிக் கேட்டபோது, அவள் அதில் கஞ்சத்தனம் செய்யவில்லை. சிவப்புப் பெட்டியிலிருந்து தானே பொறுக்கி ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொடுத்தாள். சந்தேகமானது ஒன்றுகூட அதில் கிடையாது. எனக்குப் பதிலாக ஒன்றைக் கொண்டு வருகிறாயா, கொண்டு வா, என் சரக்கில் குறை சொல்ல முடியாது என்கிற வீம்பு.

டின் மாடிக்குப் போனது. மூன்று கேமராக்கள் மாடிக்கு வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவன் மாடியிலிருந்து கூப்பிட்டான். "வந்து பாரேன், சினிமா மாதிரி இருக்கு."

கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அறை நடுவில் ஒரு சின்ன பெல்ட்டை ஓடவிட்டிருந்தான் சின்னவன். அதற்கு மேலே கம்பியில் கேமரா. முதல் கேமராவைக் கணவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

"இதுல என் மூஞ்சிகூட கலர் கலராத் தெரியுது."

"அண்ணா, கறுப்பு ரப்பரைப் பாக்கக் கலர் எதுக்கு? உன் மூஞ்சியையா செக் பண்ணப்போறோம்?"

"அவர் மூஞ்சியை வெச்சா பெட்டி பெட்டியா ரிஜெக்ட்தான் போகும்" என்றாள் அவள், வாசல்நிலையில் சாய்ந்தபடி.

இரண்டாவது கேமராவை மாட்டி பெல்ட்டை வேகப்படுத்தினான். திரையில் வளையம் முட்டை மாதிரி இழுத்துக்கொண்டு தெரிந்தது. அது மேலேயிருந்து கீழே வரிவரியாகப் படம் எடுக்கிறது, கடைசி வரிக்கு வருவதற்குள் வளையம் நகர்ந்துவிடுகிறது என்றான். மூன்றாவது, கறுப்பு வெள்ளை. முழுவதையும் ஒரே இமைப்பில் எடுக்கிறது. அதில் வளையம் எவ்வளவு வேகத்திலும் வட்டமாகவே நின்றது. விலை மற்ற இரண்டையும் சேர்த்ததைவிட அதிகம். "மொதலாளி முனகுவார். ஆனா இதுதான்" என்றான். பிறகு பெல்ட்டை ஒட்டினாற்போல் தாழ்வாக ஒரு வட்ட விளக்கைப் பொருத்தினான். வெளிச்சம் மேலேயிருந்து விழாமல், பக்கவாட்டில் வளையத்தை உரசிக்கொண்டு போனது. ஜன்னல் கதவைச் சாத்தினான்.

திரை முழுக்க இருட்டு. அந்த இருட்டில் வளையம் இருப்பதே தெரியவில்லை. ஒரே ஒரு வெள்ளிக் கம்பி மட்டும் குறுக்கே பளிச்சென்று நின்றது.

அது கீறல். அவள் தன் கையால் பொறுக்கிக் கொடுத்த கீறல். அவள் கண்ணுக்குத் தலைமுடியாகத் தெரிந்தது அங்கே கத்தி நீளத்துக்கு இருந்தது. வாசல்நிலையிலிருந்து அவள் தன்னையறியாமல் ஓரடி உள்ளே வந்தாள்.

"இதை நீங்க எவ்வளவு நேரத்துல கண்டுபிடிப்பீங்க அண்ணி?"

"பாத்த உடனே."

"இதுவும் பாத்த உடனேதான். ஆனா இது கொட்டாவி விடாது."

"அப்போ நாங்க ஆறு பேரும் என்ன பண்றது? உன் கேமராவுக்கு விசிறி விடறதா?"

"அது மொதலாளிகிட்ட கேக்க வேண்டியது."

அவள் கீழே இறங்கிப் போனாள். அன்றிலிருந்து அவன் தட்டில் சாப்பாடு விழும் சத்தம் மாறியது.

விளக்குகளைக் கழற்றிய அந்த வாரத்திலேயே, வெள்ளிக்கிழமை, ஒத்திகை வைத்தார்கள். பெல்ட், கேமரா, மிச்சமிருந்த விளக்குகளின் வெளிச்சமும் படாமல் சுற்றிக் கறுப்புத் துணி. வளையம் கேமராவுக்குக் கீழே வரும் இடத்தில் ஒரு சென்சார். அது சொன்னதும் கேமரா படம் எடுக்கும். கெட்டது என்றால் சற்றுத் தள்ளியிருக்கும் குழாயிலிருந்து காற்று அடித்து, அதைச் சிவப்புப் பெட்டியில் தள்ளும். சின்னவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். முதலாளியும் தர அதிகாரியும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பெண்களையும் நின்று பார்க்கச் சொன்னார்கள். ஏன் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

அச்சிலிருந்து வந்த கூடை அப்படியே கொட்டப்பட்டது. பெல்ட் நகர்ந்தது.

புஸ். புஸ். புஸ். புஸ்.

வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்புப் பெட்டிக்குள் பாய்ந்தன. பச்சைப் பெட்டியில் மூன்றோ நான்கோ விழுந்தன. மேஜையில் எப்போதும் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வேலை செய்கிற ஒருத்தி உண்டு. பாட்டுக்காரி என்றே பெயர். அவள் பாட்டை நிறுத்தி மெதுவாகச் சொன்னாள்.

"பருந்தக்கா, இது உங்களைவிடக் கறாரா இருக்கே. முதலாளியையும் தூக்கி சிவப்புப் பெட்டியில போட்டுடப் போகுது."

சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. தர அதிகாரி சிவப்புப் பெட்டியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "இதுல என்னய்யா குறை?" சின்னவன் கம்ப்யூட்டரில் எதையோ தளர்த்தினான். இப்போது எல்லாமே பச்சைப் பெட்டிக்குப் போயின. சோதனைக்காக நடுவே போட்ட கீறல் வளையங்களும் கம்பீரமாகக் கூடவே போயின. அவன் மறுபடி இறுக்கினான். மறுபடி புஸ் புஸ். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"திங்கட்கிழமை வரைக்கும் பாக்கறேன்" என்று தர அதிகாரி எழுந்தார். முதலாளி கத்தவில்லை. "உன் அண்ணி மூஞ்சிக்காகத்தான் உன்னை உள்ள விட்டேன்" என்று மட்டும் சொன்னார், அவள் காதில் விழும் தூரத்தில்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. சின்னவன் ஒரு சாக்குப் பை நிறைய வளையங்களைச் சுமந்துகொண்டு நனைந்து வந்தான். கணவன் விற்காத ரொட்டியைச் சூடாக்கி மேஜையில் வைத்திருந்தான்.

"எங்கிட்ட இருந்த வரைக்கும் ஒழுங்கா வேலை செஞ்சது" என்றான் சின்னவன், உட்காராமல். "உங்க கூடத்துக்கு வந்ததும் கெட்டுப்போச்சு."

"அதுக்கு?"

"கொடுத்த மாதிரியிலயே கோளாறு. ஏதோ பண்ணிக் கொடுத்திருக்கீங்க."

"என்ன பண்ணேன்? மந்திரிச்சு விட்டேனா?"

"என்ன பண்ணீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். எல்லாரையும் கூட்டி வெச்சு சிரிச்சீங்க இல்ல?"

"சிரிப்பு வந்தது, சிரிச்சோம். நீ வயித்துல அடிக்கும்போது நாங்க அழுதுக்கிட்டே நிக்கணுமா?"

"ரெண்டு பேரும் ரொட்டி ஆறதுக்குள்ள உக்காருங்க" என்றான் கணவன்.

"ஏங்க, நீங்க சும்மா இருங்க. என் சம்பளத்துல வாங்கினதைத் தின்னுக்கிட்டே என் வேலைக்குக் குழி பறிக்கறான் உங்க தம்பி. அதுல நான் சதி பண்ணேன்னு வேற சொல்றான். இவனுக்கு வாயிருக்கா, வேற ஏதாவது இருக்கா?"

"உங்க சாப்பாடு எனக்கு வேண்டாம் அண்ணி."

"வேண்டாம்னா வை கீழே."

அவன் கையில் எடுத்திருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு மாடிக்குப் போனான். மறுநாள் முழுவதும் கீழே வரவில்லை. மழை விடவில்லை. கணவன் வேனிலிருந்து எடுத்துப் போய் எதையோ மேலே கொடுத்தான். அவள் பார்த்தும் பாராதது போல இருந்தாள்.

ஞாயிறு காலை வெயில் வந்தது. சின்னவன் பிஸ்கட் டின்னையும் சாக்குப் பையையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான். முகம் மழிக்காமல் வீங்கியிருந்தது.

"என் முன்னாடி செக் பண்ணுங்க."

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு."

"பயமா இருக்கா?"

அதுதான் சரியான வார்த்தை. அவள் உள்ளே போய், வேலைக்குப் போடும் மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்தாள். ஜன்னல் வெளிச்சம் படும்படி நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் ஒரு பழைய துணியை விரித்து உட்கார்ந்தாள். சாக்கிலிருந்து ஒரு குவியலைக் கொட்டினாள்.

"நல்லா கண்ணைத் தொறந்து பாத்துக்கோ. அப்புறம் அண்ணி ஏமாத்திட்டான்னு சொல்லாதே."

இடது கை எடுத்தது. எடுத்த வேகத்திலேயே மடித் துணியில் ஒரு உருட்டு. கட்டைவிரல் தள்ள, வலது கை வாங்கி வெளிச்சத்தில் ஒரு திருப்பு. போட்டது. எடுத்தது, உருட்டியது, திருப்பியது, போட்டது. கணவன்கூடச் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டுப் பார்த்தான். பத்துப் பதினைந்து ஆகியிருக்கும்.

"நிறுத்துங்க" என்றான் சின்னவன். "மடியில என்ன பண்ணீங்க?"

"எந்த மடியில?"

"இப்போ. துணியில உருட்டினீங்களே."

அவள் தன் கையைப் பார்த்தாள். பிறருடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"துடைச்சேன்."

"எதுக்கு?"

"துடைக்காம எப்படிப் பாக்கறது? மினுமினுன்னு இருக்கும்ல."

சின்னவன் மாடிக்கு ஓடினான். வட்ட விளக்கையும் கேமராவையும் திரையையும் தூக்கிக்கொண்டு வந்து, ரொட்டித் தட்டை ஒதுக்கிவிட்டு அங்கேயே வைத்தான். சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து அப்படியே விளக்கின் நடுவில் வைத்தான். திரையில் வெள்ளிக் கம்பிகள் நெளிந்தன, ஒன்றல்ல, பத்து. அச்சில் ரப்பர் ஒட்டாமலிருக்க அடிக்கிற மருந்து, ஈரம் மாதிரி மெல்லிசாக வளையத்தில் படிந்திருந்தது. உரசிப் போகிற வெளிச்சத்துக்கு ஒவ்வொரு மினுக்கும் ஒரு கீறல். அதே வளையத்தை அவள் மடித் துணியை இழுத்துத் துடைத்து வைத்தான். திரை இருண்டது.

டின்னில் இருந்தவை எல்லாம் அவள் மேஜையில் துடைக்கப்பட்டு வந்தவை. துடைத்ததைப் பார்த்தே அவன் கேமராவைத் தேர்ந்தெடுத்தான், லென்ஸைத் தேர்ந்தெடுத்தான், விளக்கைத் தாழ்த்தினான்.

"மூணு வாரம்" என்றான். "மூணு வாரமா ஒரு வார்த்தை சொல்லல நீங்க."

"நீ கேக்கல."

"கேட்டேன். எடுக்கறோம், பாக்கறோம், போடறோம்னீங்க. துடைக்கறதை விட்டுட்டீங்க."

"மூச்சு விடறதையும்தான் விட்டுட்டேன். அதையும் எழுதிக்கறியா?"

அந்த மூன்று வார்த்தையில் கோபம் இருந்தது உண்மை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் துடைப்பதை அவள் மறைக்கவில்லை. அந்த மேஜையில் யாருமே அதை ஒரு வேலையாக நினைத்ததில்லை. புதிதாக வருகிறவள் பக்கத்து மடியைப் பார்ப்பாள், தானும் ஒரு துணி விரிப்பாள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்தது கிடையாது. முதலாளிக்கே தெரியாது.

"சரி" என்றான் சின்னவன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்குத் துடைக்காத கெட்ட வளையம் கொஞ்சம் பொறுக்கிக் கொடுங்க. அதை வெச்சு மெஷினுக்கு மறுபடி கத்துக்கொடுக்கறேன்."

"துடைக்காம அது கெட்டதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் பிஸ்கட் டின்னைத் திறந்தான். மூடினான். கணவன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரித்துவிட்டான்.

"கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒரு லைட் இருக்கு" என்றான் சின்னவன் கடைசியில், யாருக்கோ சொல்வது போல. "அதை வெச்சா மினுமினுப்பு தெரியாது. ஆனா இவ்வளவு சின்னக் கீறலும் தெரியாது. துடைச்சுத்தான் ஆகணும்."

"துடைக்க ஆள் வேணும்ல?"

"வேணும்."

அவள் எழுந்து போய் டீ போட்டாள். மூன்று கோப்பை. ஒன்றை அவன் முன்னால் சத்தமாக வைத்தாள். அவன் எடுத்துக் குடித்தான். அந்த மாதத்திலேயே வீட்டில் யாரும் யாரையும் எதுவும் சொல்லாத ஒரே மத்தியானம் அது. மேஜை போகாது என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பெல்ட்டுக்கு முன்னால் ஆறு பெண்களையும் நிறுத்தித் துடைத்துப் போடச் சொன்னார்கள். தர அதிகாரி தன் பையிலிருந்து அடையாளம் போட்ட கெட்ட வளையங்களைத் தானே இடையிடையே கலந்தார். காற்று அவற்றை மட்டும் தேடித்தேடி அடித்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. நல்லதில் ஒன்றுகூடச் சிவப்புப் பெட்டியில் விழவில்லை. அவர் சின்னவனின் கையைக் குலுக்கினார். ஆண்கள் மூவரும் முதலாளியின் அறைக்குப் போனார்கள்.

மாலையில் முதலாளி அவளை மட்டும் கூப்பிட்டனுப்பினார். சுற்றி வளைக்கவில்லை.

"துடைக்க ரெண்டு பேர் போதும்னு உன் கொழுந்தன் சொல்றான். யாரை வெச்சுக்கலாம்னு அவனையே கேட்டேன். பாட்டுக்காரியையும் அவ பக்கத்துல உக்கார்றவளையும் சொன்னான்."

"என்னை?"

"உன்னை வேண்டாம்னுட்டான். நீ அவன்கிட்டயே கேட்டுக்கோம்மா."

அவன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கேபிள்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். கூடத்தில் மற்றவர்கள் பை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"என் பேரை ஏன் சொல்லல?"

"அண்ணி, இங்க வேண்டாம். வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல எனக்குப் பேச எதுவும் இல்ல. இங்கயே சொல்லு. பழி வாங்கறியா?"

"இல்ல." அவன் நிமிர்ந்தான். "மத்தியானம் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க துடைக்கும்போதே பாக்கறீங்க. பாத்தா கை நிக்குது. பெல்ட் நிக்காது. பாட்டுக்காரி பாடிக்கிட்டே துடைக்கறா, வளையத்தைப் பாக்கறதே இல்ல. எனக்கு அந்தக் கை போதும்."

"பாக்காம துடைக்க எனக்குத் தெரியாதா?"

"தெரியாது அண்ணி."

அதில் கோபம் இல்லை. அவள் துணியை வெடுக்கென்று எடுத்து, கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். "சுவிட்சைப் போடு" என்றாள். அவன் போட்டான். அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு துடைத்துப் போட்டாள். ஒன்று. இன்னொன்று. வளையங்கள் ஒரே இடைவெளியில் நகர்ந்து போயின. வாசல்வரை போன பெண்கள் திரும்பி நின்றார்கள். பாட்டுக்காரி வாயில் கைவைத்துக்கொண்டாள். பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ, கை நின்றது. கண் தானாகவே இறங்கியிருந்தது. பெல்ட் வெறுமையாக ஓடியது.

அவள் அந்த வளையத்தைத் தூக்கி அவன் முன்னால் போட்டாள்.

"இது கெட்டது."

"அதை மெஷின் பாத்துக்கும் அண்ணி" என்றான் அவன். சுவிட்சை அணைத்தான்.

மாதக் கடைசியில் நான்கு பேருக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தார்கள். செக்கிங் மேஜையை இரண்டாகக் கழற்றி ஸ்டோர் ரூமில் சாய்த்து வைத்தார்கள். வண்டிக் கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. சின்னவனுக்கு அடுத்த தெருவில் இருந்த பாட்டில் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மாடி அறையைக் காலி செய்தபோது அண்ணன்தான் ரொட்டி வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனான். அன்று அவள் வீட்டில் இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சலவைக் கூடத்தில், மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.